கேரண்டி உள்ள இருட்டு

கிளினிக்காரி விழுந்தது பக்கெட் அடுக்கின் மேல். அதனால் அவள் எலும்பு தப்பியது, பக்கெட்டுகள் தப்பவில்லை. சத்தம் கேட்டுக் கையில் கத்தரிக்கோலோடு வெளியே ஓடினேன். இருட்டுச் சந்தின் நடுவே, உருண்டு கிடந்த பக்கெட்டுகளுக்கிடையில், கால் ஒரு பக்கம் கைப்பை ஒரு பக்கமாகக் கிடந்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் வலியைச் சிரித்த முகத்தோடு உட்காரவைத்துப் பழகியவள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வரவில்லை.

"முடி வெட்டிக்க வந்தா காலை வெட்டி அனுப்புவீங்க போலிருக்கே அக்கா! ஒரு லைட்டு வைக்கக் கூடாதா?"

"வச்சிருக்கேம்மா. வரிசையா வச்சிருக்கேன்."

"எங்க?"

"இப்ப மிதிச்சியே, அதுல ஒண்ணு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டின் முன்பக்கம் என் கணவரின் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. மாடியில் குடித்தனம். பின்பக்கம் ஓர் அறை. அதுதான் என் பார்லர். ஒரு சுழல் நாற்காலி, ஓர் ஆளுயரக் கண்ணாடி, தலை அலசச் சாய்வு நாற்காலியோடு ஒரு தொட்டி. பக்கச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். என் வாடிக்கைக்காரிகள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் தலையை நினைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஆகவே சந்தில் வெளிச்சம் இருந்தால் எனக்குத் தொழில், இல்லாவிட்டால் இல்லை.

சந்துக்கு ஒரு விளக்கு போடக் கம்பி கேட்டேன். மாமனார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "கடை மீட்டர்ல இருந்து ஒரு மயிரிழை கூட வெளிய போகாது." நான் மயிரை வைத்தே பிழைக்கிறவள் என்பதை அவர் குத்திக்காட்டினாரா, தற்செயலா என்று இன்றுவரை தெரியாது. நானும் துணிக்கடைக்காரன் மகள்தான். எங்கள் வீட்டில் கைக்குழந்தை கூட முதல் வாய் கஞ்சியைப் பேரம் பேசித்தான் குடிக்கும். பேரமே பேசாமல் என் அப்பா தள்ளிவிட்ட சரக்கு நான் ஒருத்திதான். அதை அவர் வாழ்நாளின் ஒரே நஷ்டம் என்று நான் சொல்வேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கம்பி கிடைக்காது என்று தெரிந்ததும் என் கைக்காசில் சோலார் விளக்குகள் வாங்கினேன். முழங்கால் உயரக் குச்சி, அதன் தலையில் உள்ளங்கை அகலக் கறுப்புத் தகடு, தகட்டுக்கு அடியில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன சுவிட்ச். சந்துச் சுவரோரம் மண்ணில் வரிசையாக நட்டேன். பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தாமாகவே எரிந்தன. மாமனார் அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்து, "மீட்டர் ஓடலையே?" என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் தன் பயணப் பெட்டியை மாடிக்கு எடுத்துப் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் விளக்குகள் மங்கின. அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்தன.

கிளினிக்காரியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன். கணவர் உடைந்த பக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கி, விரிசலை விரலால் தடவி, குழந்தைக்கு அடிபட்டது போல் பெருமூச்சு விட்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. இந்தத் தொல்லை எதுக்கு? மூடிடு."

"விழுந்தது பொம்பளை. நீங்க தடவறது பக்கெட்டை."

"பேச்சை மாத்தாதே. அடுத்த லோடு நாற்காலி வருது. வைக்க இடமில்லை. அந்த ரூம் சும்மாதானே கிடக்கு?"

"சும்மாவா? என் சாமான் இருக்கு, என் கஸ்டமர் இருக்காங்க."

"யார் இருக்கா? இருட்டுக்குப் பயந்து பாதிப் பேர் வர்றதில்லை. மீதிப் பேர் விழுந்துட்டாங்க." தன் நகைச்சுவையில் தானே திருப்தியடைந்து, குரலைத் தணித்தார். "லோடு வர்றதுக்குள்ள உன் விளக்கு எரிஞ்சா நீ வச்சுக்கோ. எரியலன்னா நாற்காலி உள்ள போகும். நியாயமா பேசறேன் பாரு."

வியாபாரி 'நியாயமா பேசறேன்' என்றால் உடனே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். ஆனாலும் சரி என்றேன். கோபத்தில் சரி என்று சொல்கிறவளைப் போல ஏமாளி சந்தையில் கிடையாது.

விளக்கு விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். தெருவில் எல்லாரும் அவரைக் கேரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி விற்றாலும் கேரண்டி கொடுப்பார், ஊசி ஒடிந்தால் நூலைக் குறை சொல்வார்.

"தகட்டைத் துடைச்சீங்களா அக்கா? தூசி இருந்தா வெயில் இறங்காது."

மறுநாள் மத்தியானம் ஈரத்துணியால் ஒவ்வொரு தகட்டையும் கண்ணாடி போலத் துடைத்தேன். எரியவில்லை.

"சுவிட்ச் ஆன்ல இருக்கா பாருங்க."

அன்று சாயங்காலமே குனிந்து, ரப்பர் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஆனில்தான் இருந்தன. எரியவில்லை.

"வேற வெளிச்சம் எதாவது படுதா? பட்டா இன்னும் பகல்தான்னு நினைச்சுக்கிட்டு எரியாது."

சந்து முனையில் கடையின் பெயர்ப்பலகை விளக்கு இருந்தது. அதை ஒரு சாயங்காலம் அணைக்கச் சொன்னதும் கணவர் குதித்தார். "கடை மூடிட்டாங்கன்னு ஊரே நினைச்சுக்கும்!" மாமனார் முகத்தில் மட்டும் அப்படியொரு மலர்ச்சி. "அவ சொல்றதுல தப்பில்லைடா. அணைச்சுப் பார்க்கலாமே. அணைக்கிறதுல என்ன கெட்டுப்போச்சு?" என்று தாமே போய் அணைத்தார். சோலார் விளக்குகள் அப்போதும் எரியவில்லை. பெயர்ப்பலகையைத் திரும்பப் போடத்தான் அவருக்கு மனமே வரவில்லை.

"நடுப்பகல்ல தகட்டைக் கையால மூடிப் பாருங்க அக்கா. இருட்டுன்னு நினைச்சு எரியணும்."

வெயிலில் மண்டியிட்டு ஒவ்வொரு தகட்டையும் உள்ளங்கையால் மூடினேன். தகடு சுட்டது. விளக்கு கண் திறக்கவில்லை. சந்து வழியே போன ஒருத்தி, நான் விளக்குகளுக்கு ஆசி வழங்குகிறேன் என்று நினைத்திருப்பாள். நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு விளக்கை வேரோடு பிடுங்கிக்கொண்டு கேரண்டியின் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நல்லது என்று நினைத்தேன். சண்டைக்குக் கூட்டம் வேண்டும்.

"அண்ணே, இதைப் பிடிங்க."

"வாங்கக்கா. என்ன ஆச்சு?"

"விளக்குன்னு சொல்லிக் கொடுத்தீங்களே. தோட்டத்துல குத்தி வைக்கிற குச்சியை எதுக்கு இவ்வளவு விலை சொல்லி வித்தீங்கன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

ஒருத்தர் சிரித்தார். கேரண்டி அவரைப் பார்த்து முறைத்துவிட்டு விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "சரக்குல தப்பில்லை. வச்ச இடம் தப்பா இருக்கும்."

"வெயில் வர்ற இடத்துலதான் வச்சிருக்கேன்."

"வெயில் வருதுன்னு நீங்க சொல்றீங்க."

"ஏன், வெயிலுக்கும் சீட்டு வாங்கிட்டு வரணுமா?"

"அக்கா, நூத்துக்கணக்கில வித்திருக்கேன். ஒருத்தர் கூடத் திரும்பி வரலை."

"இருட்டுல வழி தெரிஞ்சிருக்காது."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். கேரண்டியின் காது சிவந்தது. விளக்கை மேசை மேல் டக்கென்று வைத்தார். "இங்க விட்டுட்டுப் போங்க. நாளைக்கு ஒரு பகல் என் கடை வாசல்ல வெயில்ல வைக்கிறேன். எரியலன்னா உங்க மொத்த விளக்கும் மாத்தித் தர்றேன். எரிஞ்சா?"

"எரிஞ்சா உங்க வாயில சர்க்கரை போடறேன்."

"சர்க்கரை வேண்டாம். இதே கூட்டத்துக்கு முன்னாடி, சரக்கு நல்ல சரக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

மறுநாள் சாயங்காலம் போனேன். கூட்டம் நேற்றையதை விடப் பெரிது; கேரண்டியே சொல்லி வரவழைத்திருக்க வேண்டும். கடை வாசலில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், என் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டில் செத்துக் கிடந்த அதே விளக்கு, ஊரான் வாசலில் அப்படிச் சிரித்தது.

"சொல்லுங்க அக்கா" என்றார் கேரண்டி, கையைக் கட்டிக்கொண்டு.

"சரக்கு நல்ல சரக்கு" என்றேன். பல்லைக் கடித்தபடி சொன்னதால் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. கேட்காததைத் திரும்பக் கேட்கும் அளவுக்கு அவர் முட்டாளும் இல்லை, என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுலதான் எதோ நடக்குது அக்கா. பாருங்க" என்றார், கொஞ்சம் இறங்கி.

விளக்கைக் கொண்டுவந்து பழைய இடத்தில் நட்டேன். அன்று சந்தில் அது ஒன்று மட்டும் எரிந்தது. மற்றவை பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவை போல நின்றன. கணவர் எட்டிப் பார்த்து, "ஒண்ணு எரிஞ்சா போதுமா? லோடு கிளம்பிடுச்சுன்னு போன் வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது? காலையில் நான் மாடிச் சமையலறையில் இருப்பேன். ஒருபோதும் அந்த நேரத்தில் சந்துக்கு இறங்கியதில்லை. அடுத்த நாள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு இறங்கினேன்.

மாமனார் சந்தில் இருந்தார். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பதவி, வீடு முழுக்கச் சுற்றி வந்து எதையாவது அணைப்பது. மின்விசிறி, குழாய், அடுப்பு, பேச்சு, எதுவானாலும். இப்போது கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் விளக்கின் முன் குனிந்து, ரப்பர் மூடியைத் திறந்து, நகத்தால் சுவிட்சைத் தள்ளினார். க்ளிக். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அடுத்ததற்கு நகர்ந்தார். க்ளிக்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"மாமா! என்ன பண்றீங்க?"

"என்னம்மா, இவ்வளவு காலையில? அணைக்கிறேன்."

"எதை?"

"விளக்கைத்தான். பகல்ல எதுக்கு அது ஆன்ல இருக்கணும்? சாயங்காலம் நானே வந்து போட்டுடறேனே. ஒரு நாள் தவற விட்டதில்லை."

"அணைச்சா அதுல வெயில் ஏறாது மாமா! சுவிட்ச் போட்டிருந்தாத்தான் பேட்டரிக்குப் போகும். நீங்க பகல் பூரா பட்டினி போட்டுட்டு, சாயங்காலம் எழுப்பி வேலை செய்யுன்னா எப்படிச் செய்யும்?"

"பகல்ல எரிஞ்சா வீண்தானே?"

"பகல்ல அது எங்க எரியுது?"

"எரியலதானே? அப்ப அணைச்சா உனக்கு என்ன நஷ்டம்?"

பேரம் பேசுகிற வீட்டில் பிறந்து, பேரம் பேசுகிற வீட்டில் வாழ்ந்தும், இப்படியொரு கணக்கை நான் கேட்டதில்லை.

"இத்தனை நாளா நான் துடைக்கிறேன், மூடறேன், கடைக்காரன்கிட்ட போய் மானம் கெட்டு வந்தேன். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ என்னைக் கேட்டியா? கேரண்டியைக் கேட்டே. அவன் ஃபிராடு, நான் அப்பவே நினைச்சேன். நான் இப்படி அணைச்சு அணைச்சு வச்சதாலதான் இது இவ்வளவு நாளாவது தாங்குச்சு." முகத்தில் சந்தேகத்தின் நிழல் கூட இல்லை. தன் தொண்டுக்கு நன்றி வராத வருத்தம்தான் இருந்தது. "இப்ப நான் தப்பு பண்ணிட்ட மாதிரி கத்தறே. உன் புருஷன் தினமும் ஷட்டர் திறக்கும்போது பார்க்கிறானே, ஒரு நாள் தப்புன்னு சொன்னானா? நான் கடைசி விளக்கை மறந்துட்டா, 'அப்பா, அங்க ஒண்ணு விட்டுட்டீங்க'ன்னு எடுத்துச் சொல்லுவான். அவனுக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லை."

அதற்கு மேல் மாமனார் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

கிழவரின் மீது இருந்த கோபம் அப்படியே இடம் மாறியது. அவருக்குத் தெரியாது. தெரியாதவர் மேல் கத்தலாம், அவ்வளவுதான். என் கணவர் பக்கெட்டுகளோடு சேர்த்து எமர்ஜென்சி விளக்கும் டார்ச்சும் வண்டி வண்டியாக விற்கிறவர்.

கடைக்குள் போனேன். நேரம் அப்படி வாய்த்தது. அவர் ஒரு வாடிக்கைக்காரரிடம் எமர்ஜென்சி விளக்கைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "வாங்கிட்டுப் போய் அப்படியே வச்சுடாதீங்க சார். முதல்ல நல்லா சார்ஜ் ஏத்துங்க. பட்டினி போட்டா பேட்டரி செத்துடும். அப்புறம் நீங்க எங்களைத் திட்டக் கூடாது."

"யாரைத் திட்டணும்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையிலிருந்த விளக்கை மெதுவாக மேசையில் வைத்தார்.

"என்னம்மா, உள்ள பேசிக்கலாமே. ஆள் இருக்காங்க."

"ஆள் இருக்கட்டும். சார், நல்ல விளக்குதான், வாங்குங்க. ஆனா இவர் வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வராதீங்க. 'அங்க ஒண்ணு விட்டுட்டீங்க'ன்னு காட்டிக் கொடுத்து அணைக்க வச்சுடுவார்."

வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "நான் அப்புறம் வர்றேன்" என்று நழுவினார்.

"போச்சா? ஒரு கிராக்கி போச்சா?" கணவர் சீறினார்.

"எனக்கு எத்தனை போச்சு? கிளினிக்காரி இனிமே வேற இடத்துக்குப் போறாளாம், சொல்லி அனுப்பிட்டா. அவ கூட்டிட்டு வர்ற பொண்ணுங்களும் இனி வரமாட்டாங்க. அவ கால் உடைஞ்சிருந்தா?"

"உடையலையே."

"அதான் உங்களுக்கு வருத்தமா?"

"சும்மா பெரிசாக்காதே. அப்பாவுக்கு வேற வேலை இல்லை, எதையோ அணைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கார். அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் நாற்காலி விலைப் பட்டியலைச் சரியாக மாட்டுவது போல் திரும்பி நின்றார். நானே சொன்னேன். "சொன்னா விளக்கு எரியும். எரிஞ்சா ரூம் கிடைக்காது. அதானே?"

"பந்தயம் பந்தயம்தான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "லோடு வர்றதுக்குள்ள எரியணும்னு பேச்சு. நீயும் சரின்னு சொன்னே. லோடு இன்னிக்கு வருது."

என் அப்பா வாடிக்கைக்காரர்களிடம் அளவில் குறைத்திருக்கிறார், நிறத்தில் ஏமாற்றியிருக்கிறார். என் அம்மாவிடம் ஒருபோதும் இல்லை. அந்த ஒரு கோடு இந்த வீட்டில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் கிடைத்த மக்கை எடுத்து அடிக்கலாம் என்று தோன்றியது. பிளாஸ்டிக் மக்; வலிக்காது. வைத்துவிட்டு வந்தேன்.

சந்துக்குப் போய் மாமனார் அணைத்த சுவிட்சுகளையெல்லாம் போட்டேன். அவர் கைத்தடியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே இதைத் தொட்டா, கடை மீட்டர்ல கம்பி போட்டுடுவேன் மாமா" என்றேன். அந்த மிரட்டல் அவருக்கு உடனே புரிந்தது. தகட்டைத் தொடாமல் பின்னால் கை கட்டிக்கொண்டு, கடனைத் திருப்பித் தராதவன் வீட்டு வாசலில் நிற்பது போல ஒவ்வொரு விளக்கின் முன்னும் நின்று நின்று போனார்.

பிற்பகலில் லாரி வந்தது. கணவர் வேறொரு கடைக்குப் போயிருந்தார், கல்லாவில் மாமனார். சுமை இறக்குகிறவர்களின் மேஸ்திரி என்னைப் பார்த்ததும், "எங்கம்மா இறக்கணும்? பின்னாடி ரூம்னு ஐயா சொன்னார்" என்றான்.

"மாத்திட்டார். மாடியில இடது பக்க ரூம்."

"மாடின்னா கூலி கூட ஆகுமே."

"உங்க ஐயாகிட்ட வாங்கிக்கோ. வாங்காம விடாதே."

மாமனாரைப் பார்த்தான். அவர் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. "எதுவா இருந்தாலும் அவளையே கேளு. இந்த வீட்டுல என் பேச்சு எடுபடறதில்லை" என்றார், மேலே சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி.

நாற்காலிகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியேறின. எங்கள் கட்டிலின் மேல், அலமாரியின் முன், ஜன்னலை மறைத்து. மேஸ்திரி நல்ல வேலைக்காரன். ஒரு ஆள் நுழைய இடம் விடாமல் அடுக்கினான். என் துணிகளையும் தலையணையையும் மட்டும் முன்னதாகவே எடுத்து வந்துவிட்டேன்.

கணவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. சந்தில் சில விளக்குகள் மங்கலாக எரிந்தன, இரண்டு எரியவே இல்லை. அவற்றின் பேட்டரி ஒரேயடியாகச் செத்திருக்க வேண்டும். நான் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணுக்குப் பின்கழுத்து முடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மாடிப்படியில் அவர் ஏறும் சத்தம், கதவு பாதி திறந்து எதிலோ மோதி நிற்கும் சத்தம், பிறகு இறங்கும் சத்தம். வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? மேல கால் வைக்க இடமில்லை!"

"ஸ்டாக்குக்கு இடம் வேணும்னு சொன்னீங்க."

"நான் எங்க படுக்கிறது?"

"உங்க குடோன். எங்க வேணா படுங்க."

டைப்பிஸ்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. "தலையை ஆட்டாதேம்மா" என்று அவள் கழுத்தைப் பிடித்து நேராக்கினேன். கோபம் அடங்கட்டும் என்று, அந்தப் பக்கம் கத்தியை வைக்கக் கொஞ்சம் பொறுத்தேன்.

"நாளைக்கு ஆள் விட்டு எல்லாத்தையும் இங்க இறக்கிடுவேன்" என்றார்.

"இறக்குங்க. நான் உள்ள இருப்பேன்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து, பெண்பிள்ளை முன்னால் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டு போனார். அவள் தலையை முடித்து, சந்து முனைவரை கூடவே நடந்து விட்டுவிட்டு வந்தேன். பிறகு தலை அலசும் சாய்வு நாற்காலியில் தலையணையைப் போட்டு, கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டேன்.